ஜார்ஜ்டவுன் பழைய விடுதிகள்: தெரு, கட்டடம், அறை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஒரே விடுதியில், ஒரே விலைக்கு, அடுத்தடுத்த அறைகளில் தங்கிய இரண்டு குடும்பங்கள் ஊர் திரும்பியதும் நேர்மாறாகப் பேசும். "ஜன்னலைத் திறந்தா முற்றம், மழை பெய்யிறதைப் பார்த்துக்கிட்டே காப்பி குடிச்சோம்" என்பார் ஒருவர். "அவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தும் ஜன்னலே இல்லை, ராத்திரி முழுக்கத் தலைக்கு மேல யாரோ நடக்கிற சத்தம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான்.

இங்குள்ள நல்ல விடுதிகளில் பல, விடுதிக்காகக் கட்டப்பட்டவை இல்லை. ஒன்று தவுக்கே (சீன முதலாளி) குடும்பம் வாழ்ந்த மாளிகை, ஒன்று சீன மருந்துக் கடை, இன்னொன்று குதிரை லாயம். வீட்டுக்காரர் தம் வசதிக்குக் கட்டிய சுவர்களுக்குள் பிற்காலத்தில் கட்டிலும் குளியலறையும் நுழைந்திருக்கின்றன. கோலாலம்பூரில் பெரிய நிறுவனத்து விடுதி ஒன்றின் 12ஆம் மாடி அறையும் 20ஆம் மாடி அறையும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்தக் கணக்கு ஜார்ஜ்டவுனில் செல்லாது. அதனால் "நல்ல ஹோட்டல் எது?" என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் தெரு, பிறகு கட்டடம், கடைசியில் அறை என்று போவோம். பெரும்பாலோர் விலையிலும் நட்சத்திரத்திலும் தொடங்குகிறார்கள். சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தொடங்கும் முன்: பழைய ஊர்தான் வேண்டுமா?

பிள்ளைகளுக்கு மணலும் நீச்சல் குளமும் வேண்டும், பாட்டிக்கு முட்டி வலி, யாருக்கும் தெருவில் நடக்க ஆசையில்லை என்றால் பத்து ஃபிரிங்கி பக்கம் போய்விடுங்கள். அங்கே கடற்கரை விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் கடலோர ஊர்தான், ஆனால் குளிக்கத் தகுந்த கடற்கரை அதற்கு இல்லை. இரண்டு இரவுப் பயணத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று திட்டம் போடுபவர்கள் கரையோரச் சாலையின் மாலை நெரிசலில் காருக்குள்ளேயே பினாங்கைப் பார்த்து முடிப்பார்கள்.

வெயில் ஏறுமுன் நடந்து, கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டு, மதியம் அறைக்குத் திரும்பிக் கால் நீட்டி, மாலையில் மறுபடி இறங்க நினைப்பவர்களுக்குத்தான் பழைய ஊர்.

படி 1: தெருவைத் தேர்ந்தெடுங்கள்

மலாக்காவுடன் சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் இது. மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர்தான். அதைச் சுற்றி 150 ஹெக்டர் அளவுக்குக் காப்பு வளையம் ஒன்று இருக்கிறது. முழுவதையும் காலாலேயே அளந்துவிடலாம். ஆனால் ஐந்து நிமிடம் தள்ளிப் போனால் இரவின் குணமே மாறிவிடும்.

லெபோ ஃபார்குவார் (லெபோ என்றால் மலாயில் தெரு) கடலோரம் அகலமாக, அமைதியாக இருக்கும். ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், அதாவது எல்லோரும் சொல்லும் ஈ அண்ட் ஓ, இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியைப் பிறகு தொடங்கியதும் அவர்களே. 1786இல் இந்த ஊரைப் பிரிட்டிஷாருக்காகப் பிடித்த பிரான்சிஸ் லைட் அடக்கமான பழைய கல்லறைத் தோட்டமும் பக்கத்தில்தான். குறை ஒன்றே: காலையில் கதவைத் திறந்ததும் இட்லிக் கடை வேண்டும் என்பவருக்கு லிட்டில் இந்தியா சற்று தூரம். வெயிலில் அந்தத் தூரம் இரட்டிப்பாகத் தெரியும்.

லீத், முந்த்ரி தெருக்களின் பக்கம் மாளிகைகளும் அழகான கடைவீடுகளும் நிறைந்தது. நீல மாளிகை என்று பெயர் பெற்ற சியோங் ஃபாட் சே மாளிகையும், முன்பு கேத்தே ஹோட்டலாக இருந்து இப்போது தி எடிசன் ஆகிவிட்ட வெள்ளைக் கட்டடமும் லீத் தெருவில் எதிரெதிரே நிற்கின்றன. தம்பதியராக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான். ஆனால் லவ் லேன் என்ற பெயரில் மயங்கி அறை எடுத்துவிடாதீர்கள். அந்தச் சந்திலும் அதை ஒட்டிய சூலியா தெருவின் மேற்பகுதியிலும் மதுக்கூடங்கள் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும்.

லிட்டில் இந்தியாவும் அதன் ஓரங்களும் நம் ஆட்களுக்குச் சொந்த வீடு மாதிரி. லெபோ குவீனில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் தர்கா, லெபோ பினாங்கில் செட்டியார்களின் கோயில் வீடு. நகரத்தார் கிட்டங்கிகள் (வட்டிக்கடை வீடுகள்) இருந்த தெருவும் இதுதான். ஹோட்டல் என்ற சொல் பழகுமுன்பே வட்டித் தொழிலுக்கு வந்தவர்கள் பெட்டகத்தோடும் பாயோடும் இங்கே தங்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அறை எடுத்தால் சாப்பாடு, பூ, பலகாரம் எல்லாம் காலடியில். ஆனால் பாட்டுக் கடை ஒலிபெருக்கி இரவு வரை ஓயாது, விடியலில் பாங்கு ஒலிக்கும், பிறகு கோயில் மணி. எனக்கு அது இனிமை. ஒன்பது மணி வரை தூங்க வந்தவருக்கு அப்படி இருக்காது.

மெக்காலிஸ்டர் சாலை, ஹட்டன் லேன் பக்கம் மையப் பகுதிக்கு வெளியே. காரோடு வருபவர்களுக்கு வசதி. எட்டே அறைகள் கொண்ட மெக்காலிஸ்டர் மேன்ஷன் போன்றவை இந்தப் பக்கம்தான். நடந்து ஊர் சுற்ற முடியாது, கிராப் வாடகைக் கார் தேவைப்படும்.

படி 2: கட்டடத்தின் வகையைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் எல்லாமே 'பாரம்பரிய விடுதி'தான். உள்ளே நான்கு வகை உண்டு.

முதல் வகை, விடுதியாகவே பிறந்த பெரிய விடுதி. ஈ அண்ட் ஓ அப்படி. மின்தூக்கி, நீச்சல் குளம், பெட்டி தூக்க ஆள், எல்லாம் இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய கட்டடம் ஹெரிடேஜ் விங் எனப்படும், பக்கத்தில் 2013இல் திறந்தது விக்டரி அனெக்ஸ். பின்னதில் அறை எடுத்தால் நீங்கள் தங்குவது 21ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 1885ஐ நினைத்துப் பணம் கட்டியவர் முன்பதிவில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறதென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மாளிகை. இதற்கு நீல மாளிகையைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஹக்கா வணிகர் சியோங் ஃபாட் சே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு: 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். சிதைந்து கிடந்ததைப் புதுப்பித்ததற்காக 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இப்போது 18 அறைகளில் விருந்தினர் தங்கலாம். கூரை விளிம்பில் அண்ணாந்து பார்த்தால் பூவும் பறவையும் தெரியும். வண்ணப் பீங்கான் கிண்ணங்களைச் சில்லு சில்லாக வெட்டி ஒட்டிச் செய்த வேலை அது. பகலில் வழிகாட்டியோடு வெளியாரும் முற்றத்துக்கு வந்து போவார்கள். முழுத் தனிமை வேண்டுமென்றால் அந்த நேரங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீலம் அவுரிச் சாயம் கலந்த சுண்ணாம்பு. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். மலிவாகப் புதுப்பிக்கிறவர்கள் சிமெண்டைப் பூசி, அதன்மேல் பளபளப்பான பெயிண்ட் அடிப்பார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கும். அறைக்குள் போனதும் தரையிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் உயரத்தில் சுவரைப் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்திருந்தாலோ, வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ, வாசனைத் தைலத்தையும் மீறிப் பூசண நெடி வந்தாலோ, அந்த விடுதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயிரம் விமர்சனம் படிப்பதைவிட இந்த ஒரு முழச் சுவர் அதிகம் சொல்லும்.

மூன்றாவது, கடைவீடு. முகப்பு குறுகல், நீளமோ பின் தெரு வரை. முன்னால் காக்கி லீமா (கூரை போட்ட ஐந்தடி நடைபாதை), நடுவில் வானம் பார்த்த முற்றம். காரைக்குடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முற்றத்தின் அருமை புரியும்: வெளிச்சமும் காற்றும் வருவது அது வழியாகத்தான். பல கடைவீடுகளைச் சேர்த்து ஒரே விடுதியாக்குவதும் உண்டு. ஸ்டூவர்ட் லேனில், கருணைத் தேவி கோயிலுக்குப் பின்னால் உள்ள செவன் டெரசஸ் ஏழு வீடுகள் சேர்ந்தது. லெபோ பினாங்கில் ரென் ஐ டாங் பழைய சீன மருந்துக் கடை, சொகுசில் ஒரு படி கீழே இருந்தாலும் லிட்டில் இந்தியாவின் நெஞ்சிலேயே இருக்கிறது. இந்த வகையில்தான் அறைக்கு அறை வித்தியாசம் மிக அதிகம். நீளமான வீட்டின் நடுப்பகுதியில் தெரு ஜன்னலும் இருக்காது, பின் ஜன்னலும் இருக்காது.

நான்காவது, பழைய தெருவில் புதுக் கட்டடம். மையப் பகுதியிலும் காப்பு வளையத்திலும் 18 மீட்டர் உயர வரம்பு இருப்பதால் இவை வானளாவி நிற்பதில்லை. காட் லெபோ கெரெஜாவில் 2019இல் திறந்த தி பிரஸ்டீஜ் இப்படி. மின்தூக்கியும் சத்தம் புகாத சுவரும் வேண்டும், பழைய ஊரும் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே புத்திசாலித்தனம். 'அசல் பழமை இல்லையே' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் ஒருமுறை பெரிய பெட்டியோடு செங்குத்தான மரப்படி ஏறிப் பார்க்கட்டும்.

இந்தக் கடைவீடுகள் எப்படி விடுதிகளாயின என்பதும் தெரிந்திருக்கட்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000 தொடக்கத்தோடு அதன் பாதுகாப்பு முற்றிலும் போனது. தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த தையல்காரர், தச்சர், சிறு வியாபாரிகள் பலர் வெளியேறினார்கள். காலியான வீடுகளுக்குப் பிறகு பணம் வந்தது. இன்ன தொழில் நடந்தது, இன்னார் வாழ்ந்தார்கள் என்று தன் கட்டடத்தின் கதையைச் சொல்லும் விடுதி எனக்குப் பிடிக்கும். 'காலனிய அழகு' என்று மட்டும் எழுதி நிறுத்தும் விடுதி, சுவரிலும் அப்படித்தான் மேலோட்டமாக வேலை செய்திருக்குமோ என்று சந்தேகம் வருகிறது.

நட்சத்திரம் பற்றி ஒரு வரி போதும். அது மின்தூக்கி, குளம், அரங்கம் போன்ற வசதிகளை எண்ணித் தருவது. பத்து அறை வீட்டின் அழகு அந்தக் கணக்கில் வராது.

படி 3: அறையைப் பிடியுங்கள்

இணையதளத்தில் விலையைப் பாருங்கள், ஆனால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். விடுதிக்கு நேரே வாட்ஸ்அப் அனுப்புங்கள் அல்லது அழையுங்கள். முகப்பில் நம் ஆள் இருந்தால் பேச்சு இன்னும் சுலபம்: "அண்ணே, அம்மாவுக்கு முட்டி வலி. கீழ் மாடியில ஜன்னல் இருக்கிற ரூம் எதுன்னு சொல்லுங்க, நம்பரைப் போட்டு மெசேஜ் அனுப்பிடுங்க." அறை எண் எழுத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண் தர முடியாது, வகை மட்டும்தான் என்றால், அந்த வகையில் மோசமான அறை எது என்று கேளுங்கள். நேர்மையான விடுதி சிரித்துக்கொண்டே சொல்லிவிடும்.

முதலில் ஜன்னல். 'ஜன்னல் உண்டு' என்ற பதில் போதாது. அது தெருவைப் பார்க்கிறதா, முற்றத்தைப் பார்க்கிறதா, நடைக்கூடத்தைப் பார்க்கிறதா? முற்றம் பார்த்த அறை குளுமையாக இருக்கும், ஆனால் கீழே பசியாறும் மேசைகள் இருந்தால் காலை ஏழு மணிக்கே கரண்டிச் சத்தம் எழுப்பிவிடும். தெரு பார்த்த அறையில் மரச் சட்டம் வைத்த பழைய ஜன்னலிலிருந்து வெயில் கோடு கோடாகத் தரையில் விழும். படம் எடுக்க அருமை. ஆனால் அந்தச் சட்ட இடுக்கு வழியாக மோட்டார் சைக்கிள் சத்தமும் அப்படியே வரும். உள்ளே கண்ணாடி அடுக்கு ஒன்று சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். படங்களில் திரை மூடியே இருக்கும் அறை என்றால், திரைக்குப் பின்னால் சுவர்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து தலைக்கு மேல். பழைய கட்டடத்தின் மாடித் தளம் மரப் பலகை. மேலே ஒருவர் நடுராத்திரியில் குளியலறைக்குப் போனால் எத்தனை அடி வைத்தார் என்று கீழே படுத்திருப்பவர் எண்ணலாம். லேசான தூக்கக்காரர்கள் மேல்மாடி கேளுங்கள். முட்டி வலிக்காரர்கள் கீழ்மாடி. இரண்டும் ஒருவருக்கே இருந்தால் படி 2இல் சொன்ன நான்காவது வகைக்குப் போய்விடுங்கள்.

படிக்கட்டை அறைக்கு வெளியே மட்டும் நினைக்காதீர்கள். கீழே உட்காரும் இடம், மேலே படுக்கை என்று ஓர் அறைக்குள்ளேயே இரண்டு நிலை இருப்பதும் உண்டு. குளியலறை கீழே, கட்டில் மேலே என்றால் வயதானவர்களுக்கு இரவு வேதனை. குளியலறைக்கு முழுக் கதவு இருக்கிறதா, மரத் தடுப்பு மட்டுமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். திறந்த குளியல் தொட்டி தம்பதியருக்குச் சரி, மாமனார் மாமியாரோடு வந்தவர்களுக்குச் சரிப்படாது.

பிள்ளைகள் இருந்தால் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். சிறிய விடுதிகள் சில, குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. கட்டில் சேர்க்க இடம் இல்லாத அறைகளும் நிறைய.

படி 4: தேதி

தைப்பூசத்துக்கு வருகிறீர்கள் என்றால் தெருவைத் தேர்ந்தெடுப்பதே வேறு கணக்கு. முதல் நாள் அதிகாலை, லெபோ பினாங்குக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும் லெபோ குவீன் மாரியம்மன் கோயிலிலிருந்து 2017 முதல் ஓடும் தங்க ரதமும் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். அந்த இரண்டு தெருக்களின் அருகில் அறை இருந்தால் குளித்துவிட்டு நேரே ரதத்தின் முன் போய் நிற்கலாம். தேங்காய் உடைக்கும் இடத்தில் சிதறிய சிரட்டையும் தண்ணீரும் தாண்டி நடக்க வேண்டியிருக்கும், தோல் செருப்பு வேண்டாம். காவடி பார்ப்பதே முக்கியம் என்றால் ரதங்கள் போய்ச் சேரும் பக்கத்தில் தங்குவதே மேல். எப்படியும் சாலைகள் அடைபடும், கார் விடுதி வாசலுக்கு வராது. பெட்டியை எங்கே இறக்குவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சீனப் புத்தாண்டும் பள்ளி விடுமுறையும் விலையை ஏற்றும். ஆண்டின் கனமழை செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். வெள்ளிக்கிழமை மதியம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றிக் கார் நிறுத்த இடம் தேடாதீர்கள்.

படி 5: விலையைக் கூட்டிப் பாருங்கள்

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை கிடையாது. ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றொன்று அறைக்கு 8 விழுக்காடு சேவை வரி (2024 மார்ச்சுக்கு முன் 6 ஆக இருந்தது). 800 வெள்ளி என்று போட்டிருந்தால் கையைவிட்டுப் போவது 940ஐத் தாண்டும். இதற்கு மேல் பினாங்கு மாநிலத்தின் சிறிய தங்கும் கட்டணமும், வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரியும் உண்டு. மலேசியருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுலா வரி இல்லை, மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) மறக்காமல் எடுத்து வாருங்கள். தமிழ்நாட்டு உறவினர்களுக்கு அறை போட்டுத் தருகிறீர்கள் என்றால் இந்த வரியைச் சொல்லி வைத்துவிடுங்கள், முகப்பில் நின்று விளக்க வேண்டாம்.

இணையதள விலையைக் காட்டி நேரே கேட்டால் சிறிய விடுதிகள் பலவற்றில் பசியாறல் (காலை உணவு), தாமதமாக அறையைக் காலி செய்வது, மேலான அறை என்று ஏதாவது ஒன்று கூடக் கிடைக்கும். விலையைக் குறைக்கச் சொல்வதைவிட இதைக் கேட்பது பலிக்கும்.

கார் நிறுத்தம் தனிச் செலவு. கடைவீட்டு விடுதிகளுக்கு வாசலில் இடமே இருக்காது. தெருவில் நிறுத்தினால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி வேண்டும்.

படி 6: பசியாறல் சேர்க்கலாமா?

சைவர்கள் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விடுதி பசியாறலில் நாசி லெமாக் (தேங்காய்ப் பால் சோறு) இருக்கும். நெத்திலியை ஒதுக்கிவிடலாம், ஆனால் சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) இருந்தால் ஒதுக்க வழியில்லை. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டையும் ரொட்டியும் வந்து நிற்கும். "பெலாச்சான் இல்லாத சம்பல், மீன் சாறு இல்லாத சமையல்" என்று முதல் நாளே விவரமாகச் சொல்லுங்கள். ஹலால் பார்ப்பவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது, பாரம்பரிய விடுதி உணவகங்கள் எல்லாம் ஹலால் கிடையாது.

என் பங்குக்குச் சொன்னால், லிட்டில் இந்தியாவுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்தவர் பசியாறலை விட்டுவிட்டு அந்த வெள்ளியை மிச்சம் பிடிக்கலாம். லெபோ பினாங்கில் தோசை, காம்பல் தெருவில் 1907இலிருந்து நடக்கும் ஹமீதியாவின் நாசி கண்டார் (சோறும் குழம்பும்) என்று வெளியே இருப்பதை எந்த விடுதியும் மேசைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. லெபோ ஃபார்குவார் பக்கம் தங்குபவர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு ஒருநாளாவது விடுதியிலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும், அதற்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்திருக்கிறார்.

படி 7: சாவி கைக்கு வந்ததும்

பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் குளிர்சாதனத்தைப் போட்டு, குழாயைத் திறந்து சுடுநீர் வருகிறதா, தண்ணீர் வேகம் போதுமா என்று பாருங்கள். முன்பு சொன்ன அந்த ஒரு முழச் சுவரைப் பாருங்கள். கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள்: மேலே, பக்கத்தில், தெருவில். கைப்பேசியில் வைஃபை கட்டிலருகே எடுக்கிறதா என்றும் பாருங்கள், பழைய தடித்த சுவர் சிக்னலை விழுங்கிவிடும். சரியில்லை என்றால் அப்போதே இறங்கிப் போய் மாற்றக் கேளுங்கள். பிற்பகலில் அறைகள் இன்னும் நிரம்பாத நேரத்தில் மாற்றித் தருவது அவர்களுக்கும் எளிது. இரவு பத்து மணிக்குக் கேட்டால் மன்னிப்பும் ஒரு தட்டுப் பழமும்தான் கிடைக்கும்.